நூறு கோரையாறுகள்

கல்லணை திறந்து நான்காம் நாள்.
தண்ணீர் எங்கே என்று கேட்கிறார்கள்.
கலெக்டர் ஆபீசிலிருந்து,
நாற்றுப் பறித்து முடி கட்டி வைத்தவர்களிடமிருந்து,
என் நம்பர் யார் கொடுத்ததென்றே தெரியாதவர்களிடமிருந்து.

எனக்குத் தெரியாது.
நீடாமங்கலத்துக்குக் கீழே
இருபது மைல் ஆற்றுக்கு இரண்டே அளவுகோல்.
ஒன்று புயலில் சாய்ந்தது.
சாய்ந்தபடியே பொய் சொல்கிறது,
எப்போதும் ஒரே அளவான பொய்,
அதனால் உபயோகம்.

ஒற்றை ஆற்றை நான் நம்புவதில்லை.
லேப்டாப்பில் நூறு கோரையாறு விட்டிருக்கிறேன்.
ஒன்றில் தண்ணீர் கடைமடையைத் தொட்டாயிற்று.
ஒன்றில் இன்னும் மணல் குடித்துக்கொண்டிருக்கிறது.
ஒன்றில் யாரோ ராவோடு ராவாக
இன்ஜின் வைத்து இறைக்கிறார்கள்.
ஒன்றில் ஆகாயத்தாமரை
பாலத்தடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறது.

வெயில் குடிப்பதற்குச் சூத்திரம் உண்டு,
மண்ணில் கசிவதற்கும் உண்டு.
அதையெல்லாம் காகிதத்தில் தீர்த்துவிட்டேன்.
ஊகத்தை அங்கே செலவழிக்கக் கூடாது.
மனிதர் கைக்கும் தாமரை வேருக்கும் மட்டும்தான்
இந்த நூறு.

பத்தே கால். ஐந்தாம் மதகிலிருந்து
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி வைரக்கண்ணு:
"ரெண்டடி ஓரங்குலம், மேடம்."
மூன்றரை வரும் என்ற ஆறுகள்
வரிசையாக வற்றுகின்றன.
அறுபது போயிற்று. எழுபது.
பிழைத்தவை தூர் கட்டுகின்றன,
திரும்பவும் நூறு.

இங்கேதான் எனக்குப் பயம்.
போன வருஷம் நூறும்
ஒரே ஆற்றின் பிள்ளைகளாகி
ஒரே குரலில் ஆமாம் என்றன.
நானும் ஆமாம் என்றேன்.
மெமோ வந்தது, மடித்து வைத்துவிட்டேன்.
அந்த நாற்றங்காலின் நிறத்தை
மடிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம்
தூர் கட்டியதைக் கொஞ்சம் கலைத்துவிடுகிறேன்.
நாலைந்து கிறுக்கு ஆறுகளையும்
காரணமில்லாமல் வைத்திருக்கிறேன்.

பதினொன்று நாற்பது.
"ஒண்ணே முக்கால். எறங்குது மேடம்,
மேலேர்ந்து இன்னும் தொறக்கச் சொல்லுங்க."
இன்ஜின் இறைத்தால் இவ்வளவு சீக்கிரம் இறங்காது.
எந்த ஆறும் இதைச் சொல்லவில்லை,
ஒரு கிறுக்கைத் தவிர.
அதில் தாமரை இரண்டு பாலத்தை அடைத்திருக்கிறது,
பின்னால் தண்ணீர் சத்தமில்லாமல்
கரையின் உயரத்தை அளந்துகொண்டிருக்கிறது.
இன்னும் திறந்தால் கரை போய்விடும்.

நிஜமா?
நூற்றில் எழுபத்தொன்று என்கிறது திரை.
பேட்டரி பதினாலு.
எழுபத்தொன்றை நம்பி
தலைப்பில் இரண்டு ஷட்டரை இறக்கச் சொன்னேன்.
மிச்ச இருபத்தொன்பதை அணைக்கவில்லை,
அவை எனக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கட்டும்.

வெளியே ஒரே ஒரு ஆறு,
நான் பார்க்காத பக்கமெல்லாம்
மாறிக்கொண்டிருக்கிறது.

ஜேசிபி ஹாஜாமைதீனை எழுப்பினேன்.
"எந்தப் பாலம் மேடம்?"
முதல் பாலத்துக்குப் போங்கள்.
போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.
ஒன்றுமே இல்லையென்றாலும்
கூப்பிடுங்கள்.