நியூ ஃபோல்டர் இரண்டு

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் கம்பெனியின் மாடியில்
எனக்கொரு மேசை,
ஜெபஸ்டின் விட்டுப்போன ஒரு பைத்தான் நிரல்.

மாதாமாதம் இதை ஓட்டினால்
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
ஓவர்டைம் கணக்கு வந்துவிடும் என்றார்கள்.
ஓட்டினேன்.
சிவப்பில் பதினெட்டு வரி.
கடைசி வரிதான் புரிந்தது:
அப்படியொரு கோப்பு இல்லை.

சி டிரைவ், யூசர்ஸ், ஜெபஸ்டின்,
டெஸ்க்டாப், நியூ ஃபோல்டர் இரண்டு.

ஆள் விசா ரத்தாகி ஏழு மாதம்.
அவருடைய மடிக்கணினி போன வாரம்தான் செத்தது.
நிரல் இன்னும்
அவர் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் தனியாக ஒரு சூழல் அமைத்தேன்,
பெட்ஸ்பேஸில் கட்டிலைச் சுற்றித் திரை கட்டுவதுபோல.
திரைக்கு அந்தப் பக்கம்
எவன் எந்தப் பதிப்பு பாண்டாஸ் வைத்திருந்தால் என்ன,
என் சாமான் எனக்கு.

எதெது வேண்டும் என்று
ஒரு பட்டியல் எழுதி வைக்கவில்லை மனுசன்.
ஊகித்து ஊகித்து நிறுவினேன்.
ஒன்று வந்தால் இன்னொன்று கோபித்துக்கொண்டது.
மக்ரிப் பாங்கு கேட்டபோது
சிவப்பு நின்றிருந்தது.

பிறகு
நிரலுக்குள் புதைந்து கிடந்தவற்றைத் தோண்டியெடுத்து
ஒரே கான்ஃபிக் கோப்பில் போட ஆரம்பித்தேன்.
நாற்பதாவது வரியில் அப்பட்டமாகக் கடவுச்சொல்,
யாரோ குழந்தையின் பெயர், பிறந்த வருடம்.
அதை மட்டும் வேறு கோப்பில் ஒளித்து
கிட்டிடம் சொன்னேன்: நீ பார்க்கவில்லை.

வார விடுமுறை: வெள்ளி. பழசு. ஞாயிறாக்கினேன்.
நண்பகல் இடைவேளை: நூற்றைம்பது நிமிடம்.
கழிக்கவா: ட்ரூ.

பைத்தானில் அதற்குப் பெரிய டி,
டாம்லில் சின்ன டி.
அந்த ஓர் எழுத்தைச் சின்னதாக்கப் போன இடத்தில்
விரல் நின்றது.

இது வெயில் காலத்துச் சட்டமாயிற்றே,
ஜூன் பாதியில் தொடங்கி செப்டம்பர் பாதியில் முடிவது.
தேதி எங்கே?
கோப்பு முழுக்கத் தேடினேன்.
ஜனவரியிலும் கழித்திருக்கிறது.
மூடுபனியில் பதினான்காம் தளத்துக் குழாய்மேல் நின்றவனை
நிழலில் படுத்திருந்ததாக எழுதியிருக்கிறது.

ஜெபஸ்டின் கெட்டவராக இருந்திருக்க மாட்டார்.
ஒரு ஜூன் மாதத்தில் அவசரமாக எழுதியிருப்பார்,
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

இரண்டு தேதி சேர்த்தேன்.
குளிர்கால மாதங்களைத் திரும்ப ஓட்டினேன்.
"ஓடுச்சா?" என்று எட்டிப் பார்த்தார் கணக்குப் பிரிவு அன்வர்தீன்.
ஓடுது, என்றேன்.
"டோட்டல் ஏன் இவ்வளவு?"
உட்காருங்கள், என்றேன்.

என்ன மாற்றினாய், ஒரு வரியில் சொல்
என்று கேட்டு நிற்கிறது கிட்.
பாதைத் திருத்தம் என்று அடித்தேன், அழித்தேன்.
கீழே பஸ் வந்து நின்றது,
துருப்பிடித்த கையுறைகளோடு இறங்குகிறார்கள்,
எவர் எவரென்று மாடியிலிருந்து தெரியவில்லை.

குர்மேஜ் சிங், மார்ச், அறுபத்தைந்து மணி நேரம்
என்று அடித்து
எண்டர் தட்டினேன்.