எண் 117

அந்த ஆர்க்கிடுக்குப் பச்சை கிடையாது.
இலை என்று காட்ட ஒன்றுமில்லை.
தேன்நிறத் தண்டு, அதன்மேல் தேன்நிறப் பூ.
வெயிலோடு அதற்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை.
விதையோ தூசிக்கும் தூசி.
தும்மினால் என் ஆராய்ச்சி போய்விடும் என்று
பிர்கித் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

கட்டுச்சோறு இல்லாமல் கிளம்பிவிட்ட விதை.
மண்ணுக்குள் ஒரு பூஞ்சை வந்து தொட்டால்தான் உண்டு;
அந்தப் பூஞ்சைக்கோ மரத்தின் வேரில்தான் பற்று வரவு.
ஸ்புரூஸ் சமைக்கிறது,
பூஞ்சை எடுத்து வருகிறது,
இது உட்கார்ந்து சாப்பிடுகிறது.
யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதத்தான்
எனக்கு உதவித்தொகை.

ஹீயுமா தீவில், எல்மாரின் காட்டில்,
இருநூற்று நாற்பது பொட்டலங்கள் புதைத்தேன்.
கட்டைவிரல் அகல நைலான் வலை,
ஒவ்வொன்றிலும் நூறு விதை இருக்கலாம்,
மீன்பிடி நரம்பில் கட்டிய ஓர் எண்.
அக்டோபர். கையுறைக்குள் விரல் விறைத்தது.
இரண்டு குளிர்காலம் கிடக்கட்டும் என்று
படகேறி, பேருந்தேறித் தார்துவுக்குத் திரும்பினேன்.

வந்த மார்ச்சிலேயே எல்மார் தொலைபேசினார்:
"மேற்குப் பக்கம் விற்றுவிட்டேன். மகள் வீடு கட்டுகிறாள்.
இயந்திரம் நேற்றே வந்துபோயிற்று.
உன் குச்சிகளைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்."

குச்சிகள் நின்றன.
நூற்று இருபது பொட்டலங்களின் மேல்
வானம் மட்டும்.

நான் கோபிக்கவில்லை, காடு அவருடையது.
நெறியாளர் வைகே வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"நல்லதாயிற்று, ஒப்பிட ஒன்று கிடைத்தது" என்றார்.
அன்று மாலை அவரிடம் நான் பேசவில்லை,
அவர் சொன்னது சரி என்பதால்.

அடுத்த ஆண்டு,
இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் போகாத ஜூனில்
உண்ணி பொறுக்கிக்கொண்டே தோண்டினோம்.
கறுப்பு ரொட்டியை மண்கையால் பிய்த்துத் தின்றோம்.
பத்தொன்பதைக் காட்டுப்பன்றி கிளறியிருந்தது.
கிழக்கே, மரங்களுக்குக் கீழே,
விதைகள் குண்டூசித் தலையாய், அரிசி நொய்யாய்
வெள்ளை வெள்ளையாக வீங்கியிருந்தன.
மேற்கே பொட்டலம் பொட்டலமாகப் பழுப்புத் தூள்.
சைபர், சைபர், சைபர் என்று
பிர்கித் வாசிக்க, நான் எழுத,
ஒருமுறை அவள் "சை" என்று
பாதியில் நின்றாள்.

நூற்றுப்பதினேழு.
வெட்டிய பக்கத்தின் நட்டநடுவில்
சுற்றி அறுபது அடிக்கு மரமே இல்லாத இடத்தில்
ஒரு நொய்.

நுண்ணோக்கியில் பார்த்தால் உடம்பெல்லாம் பூமயிர்.
உனக்கு யார் சோறு போடுகிறார்கள்?
கேட்க ஒரே வழிதான், அரைக்க வேண்டும்.
மண்ணிலேயே திருப்பி வைத்தால்
பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்,
எனக்குத் தெரியவராது.
மூன்று நாள் ஈரத்தாளில் சுற்றிக்
குளிர்பெட்டியில் வைத்திருந்தேன், தயிர் டப்பாவுக்குப் பின்னால்,
அது விதிமீறல்.
நான்காம் நாள் காலை
எண் எழுதிய சிறு குழாய் ஒன்று
என் மேசையில் இருந்தது. பிர்கித்தின் கையெழுத்து.

அரைத்தேன்.
ஓர் எஃகு மணி, குலுக்கும் இயந்திரம், அரை நிமிடம்.
டி.என்.ஏ. மங்கலாகத்தான் வந்தது.
நான்கே எழுத்தில் அதைப் படித்து வாங்க
இரண்டு வாரம் ஆயிற்று.

கிழக்குப் பக்கத்துப் பூஞ்சைகள் எல்லாம்
பதிவேட்டில் பெயரோடு வந்தன.
நூற்றுப்பதினேழுக்கு வந்த விடை:
அடையாளம் தெரியாத பூஞ்சை.
இதற்குமுன் ஒரே ஒருமுறை, நார்வேயில்,
சாலையோர மண்ணில்.
சேகரித்தவர் பெயர் இருக்க வேண்டிய கட்டம்
காலியாக இருந்தது.

ஆய்வேட்டில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு, இரண்டு வரி.
எல்மார் மேற்கில் பிர்ச் நட்டிருக்கிறார்,
முழங்கால் உயரம்.
அக்டோபருக்கு விதை எடுத்து வைத்திருக்கிறேன்,
தும்மாமல்.