வாய் ஓர் அங்குலம்

ஒரு பவுண்டு ஆளுக்கு
ஒரு கன அங்குலம் சாம்பல்.
தொழிலில் எல்லோரும் சொல்கிற கணக்கு.
அல்சீத் பெத்திபா
சிங்கி இறால் பெட்டி நிறுக்கும் தராசில் ஏறி நின்று
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்றார்.
பூட்ஸைக் கழற்றச் சொன்னேன்.
நூற்றெண்பத்தெட்டு.

மரமும் அவருடையதே.
செப்டம்பர்ப் புயலில்
கூரைமேல் சாயாமல்
மரியாதையாக வேலிப்பக்கம் படுத்த மேப்பிள்.
கவைக்குக் கீழே ஒரு முண்டத்தைத் தானே அறுத்து
அரிஷாட்டிலிருந்து பிக்கப்பில் உருட்டிக்கொண்டு வந்தார்.
வெட்டுவாயில் மூக்கை வைத்தால்
வெள்ளரிக்காய் வாசம். அவ்வளவு பச்சை.

வெளிப்புறம் ஒரு காலை வேலை.
தோள், வயிறு, அடி.
பட்டை பறக்கும், சாறு கண்ணாடியில் தெறிக்கும்,
சுருள்கள் முழங்கால் வரை ஏறும்,
பார்ப்பவர்கள் கைதட்டுவது இதற்குத்தான்.

உள்ளே இருட்டு.
வாய் ஓர் அங்குலம்.
அதன் வழியே என் கைநீளத்துக்கு
கழுத்து வளைந்த இரும்பொன்று போய்
நான் பார்க்காததைத் தின்கிறது.
காதால்தான் கடைகிறேன்.
சுவர் தடிமனாக இருந்தால் உறுமும்.
இளைக்க இளைக்கக் குரல் ஏறும்.
கீச்சென்றால் கையை எடு.
எடுக்காத ஒரு நாள்
என் இடப்புருவத்தில் இருக்கிறது,
ஐந்து தையலாக.

குடைவதைவிட வாருவதுதான் அதிகம்.
நாலு மூச்சுக்கு ஒருதரம் நிறுத்தி
கம்பியை விட்டு ஈரத்தூளை இழு.
இழுக்கும்போதுதான்
'டிங்'.

ஒரு கொக்கி.
மரம் மூடி விழுங்கி, சுற்றிலும்
மைக்கூடு கவிழ்ந்த நீலம்.
போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அதில் ஒரு மானைத் தொங்கவிட்டிருந்தேன், மர்டீனா.
அனுமதிச் சீட்டு இல்லாத மான்.
எழுபத்தொன்று.
இனி வழக்குப் போடுவார்களா?"
இரும்பைப் பிடுங்கினேன்.
நீலம் சுவரில் தங்கிவிட்டது,
உள்ளங்கை அகலம்.

நவம்பரில் ஒரு பை பார்லியோடு வந்தார்.
புனல் வைத்து, கப் கப்பாக, சத்தமாக எண்ணி,
பதின்மூன்றாவதில் கழுத்தைத் தொட்டது.
"என் அளவு" என்று தட்டிக்கொடுத்தார்,
ஜாடியையா தன்னையா, தெரியவில்லை.
பார்லியைத் திரும்பக் கொட்டி
சூப்புக்கு எடுத்துப் போனார்.

பனிக்காலம் முழுக்கக் காகிதப் பையில் கிடந்து
ஜாடி காய்ந்தது.
வட்டமாக விட்ட வாய்
முட்டை வடிவில் கோணிக்கொண்டது.
மரம் தன் பேச்சை முடிக்கும் வரை
மூடி செய்யக் கூடாது.

மே மாதம். பருவம் தொடங்கியாயிற்று,
படகு மருமகன் கையில்.
அல்சீத் சொல்லாமலே தராசில் ஏறினார்.
பூட்ஸோடு
நூற்று நாற்பத்தொன்று.
பெல்ட்டில் ஆணியால் போட்ட மூன்று புது ஓட்டைகள்.

"இனி இது எனக்குத் தொளதொள.
உள்ளே கிடந்து ஆடுவேன்.
கொஞ்சம் சின்னதாக்கேன்."

பெரிதாக்கலாம்.
எடுத்ததைத் திரும்ப வைக்கும் உளி
யாரிடமும் இல்லை.
சொன்னேன். தலையாட்டினார்.
அப்படியும் விடாமல்
காலி இடத்துக்கு என்ன போடலாம் என்று
விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்:
சூதாட்டச் சீட்டு, பைப் புகையிலை,
மச்சானிடமிருந்து வரவேண்டிய நாற்பது டாலர்.

எனக்கே சந்தேகம் வந்து
தகனசாலைக்குப் போன் போட்டேன்.
எடுத்தவள் சின்னப் பெண், சளி பிடித்த குரல்.
"சாம்பல் எலும்பினுடையது, அம்மா.
சதை எதையும் விட்டுப் போவதில்லை.
திடமாக இருந்தபோது எடுத்த அளவா?
அதையே வையுங்கள்.
எலும்பு இளைப்பதில்லை."

அப்படியே சொன்னேன்.
தராசை விட்டு இறங்கினார்.
"அப்படியென்றால் நான் இன்னமும்
நூற்றெண்பத்தெட்டு."
"பூட்ஸ் இல்லாமல்" என்றேன்.

கோணிய வாய்க்குக் கோணலாகவே ஒரு மூடி.
ஒரு பக்கம்தான் பொருந்தும்,
திருப்பி வைத்தால் ஏறாது.
அவர் நாலு முறை தப்பாக வைத்துப் பழகினார்.

கையில் எடுத்துக் கவிழ்த்தபோது
உள்ளே ஏதோ உருண்டது.
நவம்பர் பார்லி. ஒன்றோ இரண்டோ.
தோளின் உள்வளைவில் ஏறி
வாயைத் தாண்டி மறுபக்கம் ஓடுகிறது.
கம்பி விட்டேன். காற்றடித்தேன்.
வரவில்லை.

"இருக்கட்டும்" என்று
காதோரம் வைத்து இன்னொருமுறை ஆட்டினார்.
பிறகு பக்கத்து சீட்டில் உட்காரவைத்து
பெல்ட் போட்டார்.