நாற்பத்தோராம் நிமிடம்

கேசட்டில் ஒட்டியிருந்த பெயரைக்
கரப்பான் தின்றுவிட்டது.
எங்களுக்கு அது ரோபோ கேசட்.
குகை தனசிங் கடையில் நகலெடுத்து
அப்பா கொண்டுவந்தது.

வெள்ளைக் கிரகம். மரமில்லை.
விண்கலம் நொறுங்கி ஆட்கள் போய்ச்சேர்ந்து
மிஞ்சியது இட்லிச் சட்டித் தலையோடு
ஒரு ரோபோ.
சளி பிடித்த மெட்ராஸ் குரலில்
தமிழ் பேசும்:
"கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
யாராவது பேசுங்கள்."

நாற்பத்தோராம் நிமிடம்
குன்றுக்குப் பின்னே ஒரு கதவு திறக்கும்.
ரோபோ குனிந்து பார்க்கும்.
உள்ளே
அம்மாப்பேட்டைக் கல்யாண மண்டபம்.
பன்னீர்ச் செம்பு.
அரக்குப் பட்டில் இந்துமதி சித்தி.

வீடியோக்காரரிடம் கேசட் தீர்ந்த முகூர்த்தத்தில்
உடைந்த காதில் செலோடேப் ஒட்டி
மாமா இதைக் கொடுத்துவிட்டார் என்பதெல்லாம்
பிறகு தெரிந்தது.
ஏழு வயதில் எனக்கு அது ஒரே படம்.
அத்தனை கோடி மைல் அது வந்ததே
தாலி கட்டும் நேரத்துக்குத்தான்.
பந்தியில் தேடுவேன்.
மொய் எழுதும் மேசைக்குப் பின்னால் தேடுவேன்.

சித்தி காரில் ஏறும்போது
படம் கிழிந்து கோடு கோடாகி
மறுபடி வெள்ளை மண்.
கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி
ரோபோ வானம் பார்த்து நிற்கும்.
பெயர்கள் ஓடும்.
நான் அழுவேன். அம்மா டிவியை அணைப்பாள்.

இப்போது செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளுக்குக்
கொலுசு டிசைன் வரைகிறேன், கம்ப்யூட்டரில்.
ராத்திரி மொட்டைமாடி அறையில்
அந்தக் கிரகம்.

ஜெய்லானி லேத்தில் கடைந்து தந்த முழங்கால்.
விரல்களுக்குக் கழித்துப்போட்ட கொலுசுத் திருகாணி,
ஒன்பதுதான் கிடைத்தது, ஒரு விரல் குறை.
கருப்பூர்க் குவாரி ஓரம்
இரண்டு சாக்கில் வெள்ளைக்கல் தூள் அள்ளும்போது
வாட்ச்மேன் கேட்டார், கோலத்துக்கா?
கிரகத்துக்கு என்றேன்.
சரி, வாயை இறுக்கிக் கட்டு, பறக்கும் என்றார்.

விண்மீன்களுக்கு ஜவ்வரிசி.
மாவு ரகம் அருகில், நைலான் ரகம் தொலைவில்.
கறுப்புத் துணியில் மைதாப் பசை தடவி
ஒவ்வொன்றாய் ஒட்டிவிட்டுப் படுத்தேன்.
விடிந்து பார்த்தால்
தெற்கு வானத்தை எறும்புகள் தூக்கிக்கொண்டு
சுவிட்ச் போர்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.
அடுத்த வானத்துக்கு ஃபெவிகால்.

கதவைத்தான்
பதினோரு முறை செய்து உடைத்தேன்.
கேசட்டில் இந்தப் பக்கம் கிரகம்,
அந்தப் பக்கம் மண்டபம்,
நடுவே ஒரு சொடுக்கு, அவ்வளவுதான்.
மண்டபத்து டியூப்லைட் வெளிச்சம்
வாசல் தாண்டி வெள்ளை மண்ணில் விழுந்தால்
எப்படி இருக்கும் என்று
யாரும் எடுத்து வைக்கவில்லை.
அந்த ஒரு முழ வெளிச்சம் மட்டும்
நான் செய்தது.

மாமா வீட்டு விசேஷத்துக்கு
ராசிபுரத்திலிருந்து வந்த சித்தி
மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.
"நானா இது?
அந்த ஒட்டியாணம் எரவல், தெரியுமா."
விரல் மணவறையில் நகர்ந்து
ஓரிடத்தில் நின்றது.
"அவரு எங்கே?"

அவர் இருந்த பலகையில்
ரோபோ உட்கார்ந்திருந்தது,
ஒன்பது விரலையும் முழங்காலில் வைத்து.
சொல்ல ஒன்றும் வரவில்லை எனக்கு.
அவள் சிரித்தாள்.
இருபத்தெட்டு வருஷம், வீட்டில்
குக்கர் விசில்தான் அதிகம் பேசியது என்பாள்
எப்போதாவது.

"இதாவது பேசுமா?"

பேசாது சித்தி. கேக்கும்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
குனிந்தாள். இன்னும் குனிந்தாள்,
இட்லிச் சட்டித் தலைக்குப் பக்கத்தில்.
"அந்த ஃபேனை நிறுத்துடா,
மண்ணெல்லாம் பறக்குது."

நிறுத்திவிட்டு
காபி போடக் கீழே இறங்கினேன்.