பாடு

பாறசாலை போலீஸ் எழுதிய பிரேத விசாரணை மலையாளத்தில்.
"கழுத்தில் பாடு" என்றிருந்ததை
மொழிபெயர்த்தவர் அப்படியே விட்டுவிட்டார்.
அங்கே அதற்குத் தடம் என்று அர்த்தம்.
இங்கே வேறு.
பென்சிலால் அடியில் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம் மயங்கி விழுந்து
அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் செத்தவள்
அஜிதா, வயது இருபத்துமூன்று.
கட்சிக்காரன் அவள் புருஷன் வின்சிலாஸ், ரப்பர் வெட்டு.
அவனை நம்புகிறாயா என்று
இதுவரை என்னை யாரும் கேட்கவில்லை.

நேற்று கரண்ட் போன பிறகும் படித்தேன்.
நாக்கின் அடிவேரில், லாடம் போல ஓர் எலும்பு.
வேறெந்த எலும்பையும் தொடாமல்
தசையில் தொங்கிக் கிடப்பது.
இளம் வயதில் அதன் கொம்புகள்
நடுத்துண்டோடு இன்னும் கூடியிருக்காது.
அந்தக் குருத்து இடைவெளியை
அவசரக் கண் முறிவு என்று வாசித்துவிடும்.
கண்ணாடி முன் என் கழுத்தைப் பிடித்துப் பார்த்தேன்.
எச்சில் விழுங்கியதும்
விரலை விட்டு மேலே நழுவியது.

குழித்துறை கோர்ட், பதினொன்றே கால்.
"முறிவைச் சுற்றி ரத்தக்கசிவு இருந்ததா, டாக்டர்?"
ஸ்ரீகண்டன் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.
முன்பக்கம். பின்பக்கம். மறுபடி முன்பக்கம்.
"எழுதியிட்டில்ல."
"இருந்ததா, இல்லையா?"
"அன்னைக்கு ஏழு பாடி, மேடம்."
"உயிரோடு முறிந்தால் ரத்தம் கசியும்?"
"சாதாரணமா கசியும்."
"நாக்கை அறுத்தெடுக்கையில் கத்தி பட்டும் முறியலாம்?"
ஃபேன் கிரீச்சிட்டுச் சுற்றியது.
"சான்ஸ் உண்டு."
ஜட்ஜ் அதை நல்ல இங்கிலீஷில்
டைப்பிஸ்டுக்குச் சொன்னார்.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு,
யாரும் கேட்காமலே,
"கால் நகத்துல ஊதா பாலிஷ்.
அது எழுதியிருக்கேன்" என்றார்.

ஜூனியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

கேட்டுக்கு வெளியே, டீக்கடை ஓரம்,
தங்கலீலா நின்றுகொண்டிருந்தாள்.
அரசுத் தரப்பு நாலாம் சாட்சி. பெற்றவள்.
சாட்சியிடம் பேசக் கூடாது.
"வக்கீலே, அந்த எலும்பு எங்கின இருக்கு?"
பதில் சொல்லாமல்
என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.
அவள் தன் கழுத்தில் தேடினாள்.
"இங்கியா?"
தலையசைத்தேன், இன்னும் கொஞ்சம் மேலே.
இரண்டு விரலால் பிடித்தாள்.
விழுங்கினாள்.
"ஓடுதே" என்றாள். "பிடிச்சா நிக்கல்ல."

களியக்காவிளை பஸ் வந்து ஹாரன் அடித்தது.
அவள் ஏறவில்லை. கையையும் எடுக்கவில்லை.