நாற்பத்தேழாம் பக்கம்

காட்பாடி மூன்றாம் நடைமேடை. எட்டுக் கிலோ.
பை உன்னுடையதா என்று
நான் இன்னும் கேட்கவில்லை, தேசிங்கு.

ஜாமீனில் வந்துவிடக்கூடும்,
வந்தால் மறுபடி செய்யக்கூடும்
என்று குண்டாஸ் போட்டார்கள்.
இரண்டு ‘கூடும்’களுக்கு ஒரு வருஷம்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தைத்
தொரப்பாடி ஜெயிலில் உன்னிடம் கொடுத்துக்
கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வக்கீல் கோதண்டபாணி
நீ எப்படிப்பட்டவன் என்று விசாரிக்கவில்லை.
எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிக்கொண்டே வந்தவர்
நாற்பத்தேழில் நின்றார்.
முழுக்கத் தெலுங்கு. மொழிபெயர்ப்பு வைக்கவில்லை.
“அவருக்குத் தெலுங்கு தெரியாதில்ல?”
தெரியாது என்றேன்.
“இது போதும்மா.”

ஆட்கொணர்வு மனு சென்னையில் வரிசையில் நின்றது.
பேரணாம்பட்டு கம்பெனியில்
ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தேன்,
ஊசி உடைந்தால் கூலியில் பிடிப்பார்கள்.

ஒன்பதாம் மாதம் ஆணை ரத்து.
நீ செய்யவில்லை என்று
தீர்ப்பில் ஒரு வரி இல்லை.
மூல வழக்கில் ஜாமீன் வரும்வரை
கதவும் இல்லை.

இன்றைக்கு மனு போட்டுப் பார்க்க வந்தேன்.
கம்பிவலைக்கு அந்தப்பக்கம் சிரிக்கிறாய்,
புரியாத பக்கம் காப்பாற்றிவிட்டதாம்.

நான் எட்டாவதுவரை சித்தூரில் படித்தவள்.
வக்கீல் அதைக் கேட்கவில்லை.
புத்தகம் கைக்கு வந்த அன்றே,
பஸ்ஸில், வாசித்துவிட்டேன்.