பதினெட்டு கேஜ்

சீட்டுப் பணம் வரவில்லை, சீட்தான் வந்தது
என்று ஃபேக்டரியில் சிரித்தார்கள்.
பதினோரு மாதம் கட்டியதற்கு ஈடாக
கனகசுந்தரம் தள்ளிவிட்டுப் போன
ஃபியட் ஆயிரத்து நூறு.
முன்கதவு பின்பக்கம் பார்த்துத் திறக்கும் ரகம்.

வெளியே குறை சொல்ல ஒன்றுமில்லை.
உள்ளே மெரூன் கம்பளம், விளிம்பெல்லாம் தையல்,
யாரோ ஆசையாகப் போட்டிருக்கிறார்கள்.
கிளட்சில் கால் வைத்தேன்.
கால் போய்க்கொண்டே இருந்தது.
அரவேணு மண்ணைத் தொட்டுத்தான் நின்றது செருப்பு.

கம்பளத்தைத் தூக்கினால் ஃபெல்ட்,
ஃபெல்ட்டுக்கு அடியில் தார்,
தாருக்கு அடியில் எண்ணெய் டின்னை வெட்டி
ரிவிட் அடித்த ஒட்டு,
ஒட்டுக்கு அடியில்
பிஸ்கட் போல உதிர்கிற ஒன்று.
அதுதான் தரை.
அதன் நடுவில் பெயர் தெரியாத செடி
இரண்டு இலை விட்டிருந்தது, வெளிச்சமே இல்லாமல்
வெளுத்துப் போய்.

ரெஜிஸ் கேட் அடிக்கிறவன்.
ஜன்னல் கிரில், படிக் கைப்பிடி, கல்லறைச் சிலுவை.
கார் அடித்ததில்லை.
நானோ இலை எடை எழுதுகிறவள்,
கணக்கைத் தவிர எதையும்
அடித்துத் திருத்தியதில்லை.

வெட்டுவதற்கு முன்னால்
இந்தக் கதவுச் சட்டத்துக்கும் அந்தக் கதவுச் சட்டத்துக்கும்
குறுக்கே ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தான்.
“இதுக்குன்னு தனியா எலும்பு இல்லக்கா,
தரைதான் எலும்பு. சும்மா வெட்டினா
நடுவுல தொங்கிரும், அப்புறம் ஒரு கதவும் சாத்தாது.”
என் சமையலறைக் கதவு மூன்று வருடமாகச் சாத்துவதில்லை.
அங்கேயும் தரையைப் பார்க்க வேண்டும்.

தேயிலை அட்டைப்பெட்டியில் அளவு வெட்டினோம்.
பதினெட்டு கேஜ் தகடு
குன்னூரிலிருந்து பஸ் கூரைமேல் வந்தது,
கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கிழித்தார்.
ஒரேயடியாக ஓட்டினால் தகடு நெளியும்:
இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு,
ஆறவிட்டு மறுபடி.
நானும் இருபத்தேழு பொட்டு வைத்தேன்.
பத்தொன்பது ஓட்டையானது.
அதையெல்லாம் அவன் பேசாமல் அடைத்தான்.

பின் சீட்டின் தேங்காய்நாரை
ஒரு ராத்திரி கரடி வந்து பிய்த்துப் போட்டது.
ஸ்பிரிங்குகள் மட்டும் நின்றன, அசைந்துகொண்டு.
எப்படியும் பிரிக்கவேண்டியதுதான் என்றான்.

பழைய தகட்டில் ஐந்து துளை இருந்தது ஞாபகம்.
சுத்தமான வட்டம், ரப்பர் மூடி போட்டு.
எதற்கென்று இருவருக்கும் தெரியவில்லை.
ஓட்டை என்றால் ஓட்டை.
புதிதில் அதை விடவில்லை.

ஐப்பசி மழை.
முன்கண்ணாடி ரப்பர் எங்கோ வெடித்திருக்கிறது.
காலையில் கதவைத் திறந்தால்
கணுக்கால் அளவு தண்ணீர்,
மேலே ஒரு சில்வர் ஓக் இலை,
ஆக்சிலேட்டர் மேல் தவளை.
எங்கள் வெல்டிங் அவ்வளவு சுத்தம்,
ஒரு சொட்டு வெளியே போகவில்லை.
“லீக்கே இல்லக்கா” என்றான் ரெஜிஸ்,
முகமெல்லாம் பெருமை.
பிறகு கொஞ்ச நேரம் இருவரும்
தவளையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடியில் படுத்து ட்ரில் போட்டது அவன்.
அவன் முகத்திலேயே இறங்கியது முதல் துளை.
ஐந்தும் திறந்ததும்
ஐந்து நூலாக வடிந்தது.
மழை வந்ததால் அல்ல, போக வழியில்லாமல்
ஃபெல்ட்டுக்குள் உட்கார்ந்ததால் போன தரை அது.
தையல் போட்ட அந்த ஆசைக்காரரை நினைத்தேன்.

கம்பளம் இன்னும் வாங்கவில்லை.
துத்தநாகப் பூச்சு பூசிய வெறும் தகட்டில் கால் வைத்து
கோத்தகிரி மார்க்கெட் வரை ஓட்டிப்போனேன்.
துளை வழியாகப் பனி வந்து கணுக்காலைத் தொட்டது.
பஸ் ஸ்டாண்டில் கனகசுந்தரம்.
“ஓடுதா?” என்றார், நம்பாமல்.
ஏறுங்கள் என்றேன்.

ஏறினார்.
டாங்க்ளின் திருப்பம் வரைக்கும்
இரண்டு காலையும் தூக்கியே வைத்திருந்தார்.